டீசல் இன்ஜினைக் கழற்றித் தூக்கும்போது...

கேள்வி: கிணற்று மேட்டில் உள்ள 5 எச்.பி. டீசல் இன்ஜினைப் பழுதுபார்க்கக் கழற்ற வேண்டும். நான்கு பேர் மூங்கிலில் கட்டித் தூக்கினால் போதுமா?
– வாசகர், முசிறி

பதில்: அப்படித் தூக்க வேண்டாம். இந்த இன்ஜின் நூறு கிலோவைத் தாண்டும். மெதுவாக ஓடும் பழைய ரகம் 300 கிலோவைக்கூட எட்டும். ஃப்ளைவீல் பக்கம் எடை அதிகம் என்பதால் சாயும். ஒருவர் கால் இடறினாலும் மற்ற மூவரால் தாங்க முடியாது.

1 டன் செயின் பிளாக்கையும் இரும்பு முக்காலியையும் வாடகைக்கு எடுங்கள். முக்காலியின் கால்கள் விரியாதபடி அடியில் சங்கிலியால் பிணையுங்கள். கிணற்று விளிம்பை ஒட்டி எந்தக் காலையும் ஊன்றாதீர்கள். டீசல், தண்ணீர், ஆயிலை வடித்துவிட்டு பெல்ட், குழாய்களைக் கழற்றுங்கள். டீசல் குழாயிலோ சைலன்ஸரிலோ கயிறு கட்டக் கூடாது.

முதலில் ஓர் அங்குலம் மட்டும் தூக்கி நிறுத்துங்கள். சாய்ந்தால் இறக்கி, மாற்றிக் கட்டுங்கள். தொங்கும் இன்ஜினுக்கு அடியில் கையோ காலோ போகக் கூடாது. முக்காலியோடு சேர்த்து நகர்த்தாமல், கனமான பலகைமேல் இறக்கி, இரும்புக் குழாய்களை அடியில் கொடுத்து உருட்டுங்கள்.

திரும்பப் பொருத்தும்போது, நூல் பிடித்து இரு புல்லிகளையும் நேர்படுத்திய பிறகே போல்ட்டுகளை இறுக்குங்கள். ஆயில், தண்ணீர் ஊற்றி, ஃப்ளைவீலைக் கையால் சுற்றிப் பார்த்து ஓட்டுங்கள்.

பாசனம் ஒரு நாள் தள்ளிப்போனால் சமாளிக்கலாம்; நசுங்கிய விரல் திரும்ப வராது.