நாஹோட்டின் சிங்கமும் மான்ஸ் ஓடையும்

1870ஆம் ஆண்டின் பிரெஞ்சு-பிரஷ்யப் போரை இலக்கிய வாசகர்களாகிய நாம் பெரும்பாலும் தோற்றவர்களின் எழுத்து வழியாகவே அறிந்திருக்கிறோம். அல்ஃபோன்ஸ் தோதேயின் 'கடைசிப் பாடம்' கதையைப் பள்ளி ஆங்கில வகுப்பில் படித்தவர்கள் நம்மில் பலர். மாப்பசானின் போர்க் கதைகளும் எமில் ஸோலாவின் 'வீழ்ச்சி' நாவலும் அந்தத் தோல்வியிலிருந்து பிறந்தவையே. இவற்றைப் படித்த மனத்தில் பிரஷ்யன் என்றதும் எழுவது கூர்முனைத் தலைக்கவசமும் கனத்த காலணிகளும்தான்; முகம் ஒன்றும் தோன்றுவதில்லை. வென்ற தரப்பிலிருந்து ஒரு முகத்தையாவது பார்ப்போமே என்று தேடத் தொடங்கியபோது, மோல்ட்கேயைவிட, பிஸ்மார்க்கைவிட என்னைப் பிடித்து நிறுத்தியவர் வேறொருவர்: காலாட்படைத் தளபதி கார்ல் ஃப்ரீட்ரிஷ் ஃபான் ஸ்டைன்மெட்ஸ்.

வரலாற்று நூல்கள் இவருக்கு ஒரே ஒரு வேடம்தான் கொடுத்திருக்கின்றன. திட்டமிடும் மேதை மோல்ட்கே. அத்திட்டத்தைக் குலைக்கும் பிடிவாதக் கிழவர் ஸ்டைன்மெட்ஸ். நாடகத்துக்கு வசதியான பாத்திரப் பங்கீடு. இது பாதி உண்மை என்பதை மறுக்க முடியாது. மறுபாதியைப் பற்றித்தான் இங்கே சொல்ல விரும்புகிறேன்.

அவர் பிறந்தது 1796 டிசம்பரில், ஐசனாக் நகரில். (லூதர் புதிய ஏற்பாட்டை ஜெர்மனுக்குக் கொண்டுவந்த வார்ட்பர்க் கோட்டை அந்நகருக்கு மேலேதான் நிற்கிறது, பாக் பிறந்ததும் அங்கேதான். ஒரு சிற்றூருக்கு இத்தனை பெயர்கள் அதிகம்!) நெப்போலியனிடம் பிரஷ்யா தோற்று நொறுங்கிக் கிடந்த காலத்தில் படைப்பள்ளியில் சேர்ந்தார். 1813இல் விடுதலைப் போர் மூண்டதும் அண்ணனும் தம்பியுமாகப் பிரெஞ்சுக் காவலைக் கடந்து பிரெஸ்லாவ் சென்று படையில் இணைந்தார்கள். தம்பிக்கு வயது பதினாறு. அந்த ஆண்டு முடிவதற்குள் லைப்சிக் போரில் அண்ணன் இறந்துபோனார். தம்பி காயங்களோடும் இரும்புச் சிலுவைப் பதக்கத்தோடும் மிஞ்சினார். வெற்றிப் படையினர் பாரிசில் களித்திருந்தபோது இவர் ஒரே ஒரு முறைதான் நகருக்குள் சென்றாராம். கையிலிருந்த பணம் விதவைத் தாய்க்கு அனுப்ப வேண்டியது என்பதே காரணம். இந்தச் சிறு செய்தியை நான் எளிதில் கடந்துபோக முடியவில்லை. பின்னாளில் எல்லோரும் பழித்த அந்தக் கடுகடுப்பின் வேரை அங்கேதான் காண்கிறேன்.

அவர் சேர்ந்தது யோர்க் தளபதியின் படையில் என்பதும் கவனிக்கத்தக்கது. 1812 டிசம்பர் 30 அன்று, அரசனின் ஒப்புதலைப் பெறாமலே ரஷ்யர்களோடு டௌரோகன் உடன்படிக்கையைச் செய்துகொண்டவர் யோர்க். தண்டிக்கப்பட வேண்டிய மீறல் அது. ஆனால் போரின் போக்கு மாறியதும் அதுவே தேசத்தைக் காத்த செயலாகப் பாடநூல்களில் ஏறிவிட்டது. பிரஷ்யப் படையில் கீழ்ப்படியாமை குற்றமாவதும் புகழாவதும் அதன் முடிவைப் பொறுத்தது. இந்தப் பாடத்தைப் பதினாறு வயதிலேயே அருகிருந்து கற்றவர் ஸ்டைன்மெட்ஸ்.

அதன்பின் நாற்பது ஆண்டுகள் சொல்லிக்கொள்ளும்படி ஒன்றுமில்லை. போர்க்கல்லூரியில் நன்கு தேறியும், அகந்தை மிக்கவர் என்ற மேலதிகாரியின் குறிப்பு உயர்வுக்குக் குறுக்கே நின்றது. மேஜர் ஜெனரல் பதவி 1854இல்தான் கிடைத்தது. அதே ஆண்டில் மகளைப் பறிகொடுத்தார். 1863இல் மனைவியும் மறைந்தார். 1864இல் 'காலாட்படைத் தளபதி' என்னும் உயர்நிலை வந்தபோது வயது அறுபத்தேழு. ஓய்வை எண்ணியிருக்க வேண்டிய பருவம்.

ஆனால் 1866 வந்தது. ஆஸ்திரியாவுக்கு எதிரான போரில் ஐந்தாம் படைப்பிரிவை நடத்திக்கொண்டு, குறுகிய மலைப்பாதை வழியே பொஹீமியாவுக்குள் இறங்கினார். ஜூன் 27 நாஹோட், 28 ஸ்காலிட்ஸ், 29 ஷ்வைன்ஷேடல். மூன்று நாளில் மூன்று ஆஸ்திரியப் படைப்பிரிவுகளோடு மோதி மூன்றிலும் வென்றார். நாஹோட்டில் ஆஸ்திரியர் இழப்பு ஏறத்தாழ 5,700; பிரஷ்யர் இழப்பு 1,100 சொச்சம். 'நாஹோட்டின் சிங்கம்' என்ற பெயர் நிலைத்தது.

இந்த வெற்றியில் தளபதியின் துணிவுக்கு எவ்வளவு பங்கு, துப்பாக்கிக்கு எவ்வளவு பங்கு? ஆஸ்திரியர் கையில் இருந்தது குழலின் வாய்வழியே மருந்தும் குண்டும் இட்டுக் கெட்டிக்க வேண்டிய துப்பாக்கி. அதற்கு ஒருவன் எழுந்து நின்றாக வேண்டும். பிரஷ்யரின் ட்ரைஸே ஊசித் துப்பாக்கியோ பின்புறம் திறந்து நிரப்புவது. தரையில் படுத்தபடியே, எதிரி ஒரு முறை சுடுவதற்குள் பலமுறை சுடலாம். முட்டி மோதும் தளபதிக்கு ஏற்ற கருவி. நான்கு ஆண்டுகள் கழித்துப் பிரெஞ்சுக்காரர்கள் ஏந்தி வந்த சாஸ்போ துப்பாக்கி, ட்ரைஸேயைப்போல் இருமடங்கு தொலைவு சுடக்கூடியது. மனிதர் மாறவில்லை, அவர் எதிரே இருந்த துப்பாக்கி மாறிவிட்டது.

1870இல் முதலாம் சேனை அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. வயது எழுபத்து மூன்று. அரசனின் அண்ணன்/தம்பி மகனான இளவரசர் ஃப்ரீட்ரிஷ் கார்லின் இரண்டாம் சேனைக்கு ஒதுக்கப்பட்ட சாலைகளில் தன் படைகளை நுழைத்தார். ஆகஸ்ட் 6 அன்று மோல்ட்கே திட்டமிடாத ஸ்பிக்கரன் போர் மூண்டது. ஆகஸ்ட் 18, கிராவலோத். செயின்ட் ஹ்யூபர்ட் பண்ணை கைக்கு வந்ததும் பிரெஞ்சுக்காரர்கள் தளர்ந்துவிட்டார்கள் என்று தவறாகக் கணித்து, பீரங்கிகளையும் குதிரைப்படையையும் மான்ஸ் ஓடையின் பள்ளத்தைக் கடக்க ஏவினார். ஒற்றைச் சாலை. இருமருங்கும் சரிவு. எதிர்மேட்டில் அகழிகளில் காத்திருந்த சாஸ்போ துப்பாக்கிகள். மனிதரும் குதிரைகளும் வண்டிகளும் அந்தப் பள்ளத்தில் நெரிந்துகிடந்தபோது மேலிருந்து குண்டு மழை. மாலையில் பீதியுற்ற வீரர்கள் அரசனின் கண்முன்னே ஓடிவந்தார்கள். இதற்கு மன்னிப்பு இல்லை; நானும் கேட்கவில்லை.

ஆனால் அதே நாளில், சில கல் தொலைவுக்கு வடக்கே சென் பிரிவாவில் நடந்ததென்ன? அரச காவற்படையின் தலைவரான வூர்ட்டம்பர்க் இளவரசர் ஆகஸ்ட், சாக்சனியர் வந்து சேரும்வரை பொறுத்திராமல், மறைவற்ற வெட்டவெளிச் சரிவில் தன் காலாட்படையை ஏற்றினார். சிறிது நேரத்தில் ஏறத்தாழ எட்டாயிரம் பேர் இறந்தும் காயமுற்றும் வீழ்ந்தனர். அவரோ அந்தப் பதவியில் மேலும் பல ஆண்டுகள் இருந்தார். இருள் கவியும் வேளையில் புதிதாக வந்த இரண்டாம் படைப்பிரிவையும் மான்ஸ் ஓடைக்குள் அனுப்பியபோது மோல்ட்கே அங்கேயே இருந்தார். தான் அதைத் தடுத்திருக்க வேண்டும் என்ற பொருளில் பின்னாளில் அவரே தம் நூலில் எழுதினார். அந்த நேர்மையை மதிக்கிறேன். அன்று ஜெர்மன் தரப்பின் இழப்பு இருபதாயிரம். பழியைச் சுமந்தவர் ஒருவர்.

அதுவும் உடனே அன்று. மெட்ஸ் முற்றுகையின்போது, தன்னைவிட முப்பது வயதுக்கும் மேல் இளையவரான இளவரசர் ஃப்ரீட்ரிஷ் கார்லின் கீழ் அவர் வைக்கப்பட்டார். கிழவர் பணியவில்லை. பிணக்கு முற்றியது. கிராவலோத் முடிந்து ஏறத்தாழ ஒரு மாதம் கழித்து, செப்டம்பரில், போஸன்-சிலேசியா ஆளுநராகக் களத்திலிருந்து வெகுதொலைவுக்கு அனுப்பப்பட்டார். பதவி நீக்கம் சரியானதே என்றுதான் நான் கருதுகிறேன். ஆனால் மான்ஸ் ஓடையில் மாண்டவர்களுக்காக அவர் நீக்கப்பட்டிருந்தால் அது நீதி. இளவரசரிடம் காட்டிய மரியாதைக் குறைவு வரை அந்தப் பிணங்கள் காத்திருக்க நேர்ந்ததே, அதுதான் உறுத்துகிறது. ஸ்பிக்கரனில் கட்டளைக்குக் காத்திராமல் பீரங்கி ஓசையை நோக்கி விரைந்த கான்ஸ்டன்டின் ஃபான் ஆல்வென்ஸ்லேபன் போற்றப்படுகிறார் என்பதையும் சேர்த்து நினைத்துக்கொள்ளலாம்.

1871 ஏப்ரலில் அவருக்கு ஃபீல்டு மார்ஷல் பட்டம் வழங்கினார்கள். 1877 ஆகஸ்டில், சிலேசியாவின் லாண்டெக் என்னும் மருத்துவ நீரூற்று ஊரில் காலமானார். தன்னை வெளியேற்றிய மெட்ஸ் நகரின் பெல்க்ருவா கோட்டைக்கு ஜெர்மானியர் ஸ்டைன்மெட்ஸின் பெயரைச் சூட்டினார்கள். 1918இல் நகரம் பிரான்சிடம் திரும்பியபோது கோட்டைக்குப் பழைய பெயரும் திரும்பிவந்தது.