காணியும் வீடும்: கூடாரம் அடிக்க முன் குழியைப் பாருங்கள்



லண்டனில் கடை, வேலை என்று ஓடிக் களைத்த எம்மவர் சிலருக்கு நாட்டுப்புறத்தில் ஒரு காணி எடுத்தால் என்ன என்ற எண்ணம் வந்திருக்கிறது. அண்மையில் ஒரு குடும்பம் தாங்கள் வாங்க நினைத்த பண்ணையைப் பார்க்க என்னையும் கூட்டிக்கொண்டு போனது. சீட்டெடுத்த காசும் தமையனார் கடனாகத் தந்த காசும் கையில் இருந்தன. ஐந்து பெரிய கூடாரங்கள் அடித்து, உள்ளே கட்டில், அடுப்பு, குளியலறை எல்லாம் வைத்து, விடுமுறைக்கு வருபவர்களுக்கு வாடகைக்கு விடுவது அவர்களுடைய திட்டம். இதை இங்கே 'கிளாம்பிங்' என்கிறார்கள்.

எல்லோரும் புல்வெளியின் அழகைப் பார்த்துக்கொண்டு நிற்க, கூட வந்த அம்மம்மா மட்டும், "கக்கூசுத் தண்ணி எங்கை போகுது? கிணறு எங்கை இருக்கு?" என்று கேட்டார். காணிக்காரர் காட்டிய இடத்தில் பழைய மலக்குழி ஒன்று இருந்தது. அதிலிருந்து வந்த குழாய் வேலியோரத்து வாய்க்காலில் போய் விழுந்தது. அந்த வாய்க்கால் அடுத்த பண்ணையின் மாடுகள் தண்ணீர் குடிக்கும் பக்கம் ஓடியது.

அம்மம்மா கேட்டது யாழ்ப்பாணத்துக் கேள்வி. அங்கே நிலத்தின் கீழ் சுண்ணாம்புக்கல். குழிக்குள் போவது வெடிப்புகள் வழியே கிணற்றுக்கு வந்துவிடும். குடாநாட்டுக் கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்று, உலக சுகாதார நிறுவனம் சொல்லும் எல்லையான லீற்றருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டியிருக்கிறது. தோட்டத்துப் பசளையும் மலக்குழிகளுமே இதற்குக் காரணம். இங்கும் மண்ணின் நியாயம் அதேதான்.

முதலில் ஒன்றை விளங்கிக்கொள்ளுங்கள். மலக்குழி தண்ணீரைச் சுத்தமாக்குவதில்லை. கட்டியானது அடியில் படியும், கொழுப்பு மேலே மிதக்கும், நடுவிலுள்ள அழுக்குத் தண்ணீர் வெளியே போகும். அதைச் சுத்தமாக்குவது மண். ஆகவே துளையிட்ட குழாய்களைச் சரளைக்கல்லுக்குள் புதைத்து, தண்ணீரைப் பரந்த நிலத்தில் மெதுவாக ஊறவிடவேண்டும். மலக்குழியிலிருந்து நேரே ஆற்றுக்கோ வாய்க்காலுக்கோ விடுவது இங்கிலாந்தில் 2020 ஆம் ஆண்டிலிருந்து கூடாது. வாய்க்காலுக்குத்தான் விடவேண்டுமென்றால் சிறிய சுத்திகரிப்பு இயந்திரம் வைக்கவேண்டும். ஸ்கொட்லாந்திலும் வேல்சிலும் விதிகள் வேறு.

இனிக் கணக்குக்கு வருவோம். நாளொன்றுக்கு நிலத்துக்குள் 2,000 லீற்றர்வரை, சுத்திகரித்து வாய்க்காலுக்கு 5,000 லீற்றர்வரை விடுவதென்றால், பொது விதிகளுக்கு அமைய நடந்தால் தனி அனுமதி தேவையில்லை. ஐந்து கூடாரம், கூடாரத்துக்கு நால்வர், ஒருவர் 100 லீற்றர் பாவிக்கிறார் என்று வையுங்கள். 2,000 லீற்றர் அப்போதே முடிந்துவிட்டது. பண்ணை வீட்டுத் தண்ணீரும் அதே குழிக்கு வந்தால் எல்லை தாண்டிவிடும். குடிநீர்க் கிணறு 50 மீற்றருக்குள் இருந்தாலும் இந்தச் சலுகை கிடையாது. அருகில் பொதுச் சாக்கடைக் குழாய் இருந்தால் முதலில் அதில் இணைக்கத்தான் பார்க்கவேண்டும்.

மண் தண்ணீரை எடுக்குமா என்பதையும் சோதிக்கவேண்டும். குழாய் வரப்போகும் ஆழத்துக்குக் கீழே 300 மில்லிமீற்றர் சதுரமும் 300 மில்லிமீற்றர் ஆழமுமாகக் கிடங்கு வெட்டி, தண்ணீர் நிரப்பி ஓரிரவு விடுவார்கள். மறுநாள் திரும்ப நிரப்பி, தண்ணீர் முக்கால் பங்கிலிருந்து கால் பங்குக்கு இறங்க எத்தனை விநாடி என்று பார்த்து, அதை 150 ஆல் பிரிப்பார்கள். விடை 12 க்கும் 100 க்கும் இடையில் வரவேண்டும். குறைந்தால் அழுக்கு வடிபடாமல் நிலத்தடி நீருக்கு ஓடிவிடும். கூடினால் நிலம் சதுப்பாகி நாறும். இந்தச் சோதனையைக் கோடையில் மட்டும் செய்து ஏமாறவேண்டாம். மாரியில் நிலத்தடி நீர் எங்கே நிற்கிறது என்பதையும் பாருங்கள்.

கிளாம்பிங்குக்கென்றே சில தொல்லைகள் உண்டு. குளிர்காலத்தில் ஆளில்லை, ஓகஸ்ட் மாதத்தில் இடமில்லை. பட்டினி கிடந்த கிருமிகள்மேல் ஒரே நாளில் முழுச் சுமையும் விழும். சுடுநீர்த் தொட்டித் தண்ணீரைக் குழிக்குள் திறந்துவிட்டால் குளோரீன் நல்ல கிருமிகளைக் கொல்லும், வேகம் படிந்ததைக் கலக்கி வெளியே தள்ளும். எண்ணெய், ஈரத் துடைப்பான் எதுவும் போடக்கூடாது. குழாய் புதைத்த நிலத்தின்மேல் கார் விடக்கூடாது. உலர் கக்கூசு வைத்தால் தண்ணீர் மிஞ்சும். ஆனால் குளித்த, கழுவிய தண்ணீருக்கும் வழி வேண்டும்.

2023 யூலையிலிருந்து, வருடத்தில் 60 நாட்கள்வரை கூடாரம் அடிக்க முழுத் திட்ட அனுமதி இல்லாமலே இடமுண்டு. என்றாலும் கக்கூசும் கழிவும் எங்கே என்று காட்டும் வரைபடத்தை ஒவ்வொரு வருடமும் கவுன்சிலுக்குக் கொடுக்கவேண்டும். நிரந்தரமாகக் குழி புதைக்க முன்னரும் கவுன்சிலில் கேளுங்கள்.

காணியை விற்பவர், அங்கே கழிவுநீர் வெளியேற்றம் உண்டென்பதை வாங்குபவருக்கு எழுத்தில் அறிவிக்கவேண்டும். அந்தக் கடிதத்தைக் கேட்டு வாங்குங்கள். குழி கடைசியாக எப்போது இறைத்தது என்ற பற்றுச்சீட்டையும் கேளுங்கள்.

அந்தக் குடும்பம் முற்பணம் கட்டவில்லை. மண் சோதனை முடியட்டும், புதிய குழிக்கான செலவை விலையில் கழிக்கட்டும் என்று சொல்லிவிட்டு வந்தார்கள். காரில் வரும்போது மருமகன், "மாமி கேட்டிராவிட்டால் சீட்டுக்காசு முழுக்க அந்த வாய்க்காலோடை போயிருக்கும், அண்ணை" என்றார்.