யார் வீட்டுத் தொழிலதிபர்?

பாகிஸ்தான் பெண்களைப் பற்றி நம் பத்திரிகைகள் எழுதும்போது இரண்டே பாத்திரங்கள்தாம் வருகிறார்கள். ஒருத்தி முக்காட்டுக்குள் அழுகிறவள். மற்றவள் முக்காட்டை விலக்கிவிட்டுக் கம்பெனி நடத்துகிறவள். கதை எழுதிப் பிழைக்கிறவன் நான். இவ்வளவு மலிவான பாத்திரங்களை என் நாவலில் உலவவிட்டால் வாசகர்கள் என்னைச் சும்மா விடுவார்களா? கட்டுரை எழுதுகிறவர்களுக்கு மட்டும் ஏனோ மன்னிப்பு உண்டு.

அந்த இரண்டாமவளைப் பற்றித்தான் என் வழக்கு. அவளைக் காட்டி, 'பெண் கையில் மூலதனத்தைக் கொடுத்துவிடு, சமூகம் தானாகத் திருந்திவிடும்' என்று ஒரு சித்தாந்தமே நடக்கிறது.

ரோஷனே ஜாபர் என்ற அம்மையார் உலக வங்கி உத்தியோகத்தை உதறிவிட்டு, 1996-ல் லாகூரில் 'கஷ்ஃப்' என்ற சிறுகடன் ஸ்தாபனத்தைத் தொடங்கினார். வழி காட்டியவர் வங்காள தேசத்து முகம்மது யூனுஸ். அதைச் சிறிய காரியம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அந்த நாட்டில் சிறுகடன் கொடுக்கும் ஸ்தாபனங்கள் பல, கடன் கேட்டு வந்த பெண்ணிடம், 'உன் வீட்டு ஆண்பிள்ளையின் ஜாமீன் கையெழுத்து எங்கே?' என்று கேட்டுவிட்டுத்தான் பெட்டியைத் திறந்தன. கடன் அவள் பேரில். பணமோ எத்தனையோ வீடுகளில் புருஷன் கைக்குப் போயிற்று. தவணைக்குப் பதில் சொல்ல வேண்டியவள் அவள்தான். கணக்குப் புத்தகத்தில் அவளுக்குப் பெயர் தொழிலதிபர்! 2016-ல் 'உடாரி' என்ற தொலைக்காட்சித் தொடரைத் தயாரிப்பதில் கஷ்ஃப் பங்கு கொண்டது. குழந்தைகளுக்கு நேரும் பாலியல் கொடுமையைத் துணிந்து பேசிய கதை அது. கடன் கொடுக்கிறவர்கள் கதை சொல்லவும் புறப்பட்டார்கள் என்றால், பணம் மட்டும் போதாது என்று அவர்களுக்கே தோன்றியிருக்க வேண்டும். (இதில் என் ஜாதிக்காரர்களுக்குக் கொஞ்சம் பெருமைதான்.)

சியால்கோட்டுக்கு வாருங்கள். பஞ்சாபிலுள்ள ஊர். உலகத்தார் உதைத்து விளையாடிய கைத்தையல் கால்பந்துகளில் பெரும்பங்கு அங்கிருந்துதான் போயிற்று. இருபது அறுகோணத் துண்டு, பன்னிரண்டு ஐங்கோணத் துண்டு, ஆக முப்பத்திரண்டு. தரகன் துண்டுகளைக் கட்டாகக் கட்டிக் கிராமத்து வீடுகளில் போட்டுவிட்டுப் போவான். அடுப்பு வேலை முடிந்ததும் பெண்கள் இரண்டு ஊசியும் மெழுகு நூலுமாக உட்காருவார்கள். பந்துக்கு இவ்வளவு என்று கூலி. பக்கத்தில் குழந்தைகளும் உட்கார்ந்து தைத்தன. அந்தப் படங்கள் மேல்நாட்டுப் பத்திரிகைகளில் வெளிவந்து பெருங்கூச்சல் எழுந்தது. 1997-ல் அமெரிக்காவின் அட்லாண்டா நகரில் ஓர் ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. இனித் தையலெல்லாம் மேற்பார்வைக்கு வசதியான கூடங்களில்தான் என்று ஏற்பாடு.

குழந்தைகள் தைக்கத்தான் வேண்டுமா என்று என்னை மடக்கலாம். கூடாது, ஒருக்காலும் கூடாது. நான் கேட்பது வேறு. அந்தக் குழந்தைகளின் தாயாரை யாராவது ஒரு வார்த்தை கேட்டார்களா? ஆண்கள் நிறைந்த கூடத்துக்கு, வேற்றூருக்கு, தினமும் போய்வர அவளுக்கு வீட்டில் அனுமதி இல்லை. கைக்குழந்தையை விட்டுப் போக இடமும் இல்லை. வீட்டு வாசலுக்கு வந்த வேலை நின்றது. ஏராளமான பெண்களின் வருமானம் அதோடு போயிற்று. பெண்களுக்கென்று தனிக் கூடங்கள் பிறகு திறந்தார்கள். எல்லோராலும் அங்கே போக முடிந்துவிடவில்லை. 2014 உலகக் கோப்பைப் பந்து அதே சியால்கோட்டில், பெண்கள் பலர் வேலை செய்யும் தொழிற்சாலையில் தயாரானபோது உலகம் கை தட்டியது. பழைய தையற்காரிகளின் கதையை யாரும் விசாரிக்கவில்லை.

இந்தப் பெண்களையெல்லாம் 'சுயதொழில் புரிவோர்' என்று கௌரவிப்பதில் ஒரு சூது இருக்கிறது. முதலாளிக்குக் கூலி பாக்கி வைக்க யாருமில்லை. முதுமைக்குப் பென்ஷனும் இல்லை. தரகன் விலையைக் குறைத்தால் அது 'வியாபாரத்தில் நஷ்டம்'! 2018-ல் சிந்து மாகாணம் ஒரு சட்டம் செய்தது. வீட்டிலிருந்து வேலை செய்பவளும் தொழிலாளிதான், அவளைப் பதிவு செய்ய வேண்டும், சமூகப் பாதுகாப்புக்கு அவளும் உரியவள் என்றது அது. அந்த மாகாணத்துச் சந்துகளில் வளையலுக்கும் துணிக்கும் கண்ணைக் கொடுத்தவர்கள் ஊர்வலம் போய், சங்கம் கட்டி, வருஷக்கணக்கில் கேட்டு வாங்கிய சட்டம். அவர்கள் கேட்டது அதிபர் பட்டமல்ல. தொழிலாளி என்று எழுதிய ஓர் அட்டை.