ஹெட்ஃபோன் வாங்கப் போறீங்களா? முதல்ல ஃபேனைப் போடச் சொல்லுங்க!

"ஏன் இப்படிக் கத்துதிய? பக்கத்துலதான நிக்கேன்!"

வீட்டுக்காரி இப்படிக் கேட்டபோதுதான் எனக்கே உறைத்தது. நான் சாதாரணமாகப் பேசுவதாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் ஊர் பாஞ்சாலங்குறிச்சி. பகலில் கட்டபொம்மன் கோட்டையைப் பார்க்க வருகிறவர்களின் வேன் சத்தம். சித்திரை மாசம் வீரசக்கதேவி கோயில் திருவிழா வந்துவிட்டால் ஸ்பீக்கர் செட் சத்தம். மற்றபடி ராத்திரி எட்டு மணிக்கு மேல் குண்டூசி விழுந்தாலும் கேட்கும். இப்படிப்பட்ட ஊரில் இருந்துகொண்டு ஒருத்தன் காதைக் கெடுத்துக்கொண்டான் என்றால், அவன் எவ்வளவு பெரிய சமர்த்தன்!

நடந்தது இதுதான். 150 ரூபாய்க்கு ஒரு இயர்ஃபோன் வாங்கினேன். தினமும் படுக்கையில் இரண்டு மணி நேரம் பழைய பாட்டு. தலைக்கு மேலே ஃபேன் 'கடகட'வென்று ஓடும். அதை மீறிப் பாட்டுக் கேட்க வேண்டுமே... வால்யூமை ஏற்றினேன். ஏற்றிக்கொண்டே போனேன். ஒன்றரை வருஷத்தில் இடது காதுக்குள் ஒரு வண்டு குடிவந்துவிட்டது. 'ங்ங்ங்...' என்று ராப்பகலாக இரைச்சல்.

தூத்துக்குடியில் காது டாக்டர் ஆடியோகிராம் எடுத்துப் பார்த்தார். வரைபடத்தில் 4,000 ஹெர்ட்ஸ் பக்கத்தில் மட்டும் கோடு பள்ளத்தில் விழுந்திருந்தது. "பாட்டு கேக்குற பழக்கம் உண்டா சார்?" என்றார். அதிக சத்தம் காதைக் கெடுத்தால் பெரும்பாலும் அந்த இடத்தில்தான் முதலில் அடிவாங்குமாம்.

எங்கள் கடற்கரையில் சங்கு குளிக்கப் போகிறவர்களுக்குக் காதின் அருமை தெரியும். 10 மீட்டர் ஆழம் போனாலே அழுத்தம் இரண்டு மடங்கு. காதைச் சமன் செய்யாமல் இறங்கினால் செவிப்பறை கிழிந்துவிடும். ஆனால் பாருங்கள், கிழிந்த பறை பல சமயம் தானாகவே மூடிக்கொள்ளும்; மூடாவிட்டால் ஆபரேஷன் இருக்கிறது. உள்காதில் இருக்கும் மயிர்ச்செல்கள் அப்படியல்ல. ஒரு காதுக்குச் சுமார் 15,000தான். போனது போனதுதான், திரும்ப முளைக்காது.

அதனால் என் கட்சி இது: குறைந்த சத்தத்தில் எது தெளிவாகக் கேட்கிறதோ, அதுதான் நல்ல ஹெட்ஃபோன். 'பேஸ் அதிரும்', 'பெரிய டிரைவர்' என்பதெல்லாம் அப்புறம். 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் என்று எல்லா அட்டைப்பெட்டியிலும்தான் அச்சடித்திருக்கிறான். அதைப் பார்த்து மயங்காதீர்கள்.

உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்கு வாரம் 40 மணி நேரம், 80 டெசிபல் வரை பரவாயில்லை என்கிறது. பிள்ளைகளுக்கு 75தான். 3 டெசிபல் கூடினாலே கேட்கலாம் என்ற நேரம் பாதியாகிவிடும். 90 டெசிபல் என்றால் வாரத்துக்கே நாலு மணி நேரம்தான்! பல போன்களில் முழு வால்யூம் வைத்தால் 100-ஐத் தொட்டுவிடும்.

போன மாசம் என் தம்பி மகன் ஹெட்ஃபோன் வாங்கக் கிளம்பினான். கையில் 1,500 ரூபாய். நானும் ஒட்டிக்கொண்டேன்.

கடைப் பையன் புளூடூத் ஒன்றை எடுத்து நீட்டினான். "அண்ணாச்சி, இதுல பேஸ் சும்மா நெஞ்சுல இடிக்கும்!"

"நெஞ்சுல இடிக்க வேண்டாம்ப்பா. ஒயர் வச்சது எடு. அந்த ஃபேனையும் கொஞ்சம் போடு."

பையன் என்னை ஒரு மாதிரி பார்த்தான். ஃபேன் ஓடாத கடையில் எல்லா ஹெட்ஃபோனும் நன்றாகத்தான் கேட்கும். நாம் கேட்கப்போவது நம் வீட்டில் அல்லவா? ஃபேன் ஓட வேண்டும், வால்யூம் பாதிக்குக் கீழே இருக்க வேண்டும். அப்போதும் பாட்டின் வார்த்தை புரிகிறதா? இதுதான் பரீட்சை. காதை முழுசாக மூடி, மெத்து சரியாகப் படியும் மூடிய வகைதான் இதில் ஜெயிக்கும். முதுகுப்பக்கம் திறந்த வகையின் இசை இனிமைதான், மறுக்கவில்லை. ஆனால் ஃபேன் சத்தமும் தாராளமாக உள்ளே வரும். ஏ.சி. அறைக்காரர்கள் வாங்கட்டும்.

ஒயர் ஏன்? அதே விலைக்கு புளூடூத் வாங்கினால் பாட்டரிக்கும் சிப்புக்கும் காசு போய்விடுகிறது. ஒயர் விட்டுப்போனால் ரேடியோ மெக்கானிக் பற்றவைத்துக் கொடுப்பார். பாட்டரி செத்தால் பெரும்பாலும் குப்பைதான். வட்டத் துளை இல்லாத போன் என்றால் டைப்-சி அடாப்டர் ஒன்று தனியாக வாங்க வேண்டும். அதையும் பட்ஜெட்டில் சேர்த்துக்கொள்ளுங்கள். பெட்டியில் 'ஓம்' கணக்கைப் பாருங்கள். போனில் நேரடியாகச் சொருக 32 ஓம் அளவில் இருந்தால் நல்லது. 250, 300 ஓம் எல்லாம் ஸ்டூடியோக்காரர்களுக்கு.

பாட்டுக்கு வருவோம். கோவில்பட்டியில் வாழ்ந்த காருகுறிச்சி அருணாசலத்தின் நாயனம், எஸ். ஜானகியின் குரலோடு போட்டி போடும் 'கொஞ்சும் சலங்கை' (1962) பாட்டைப் போடச் சொன்னேன். எது குரல், எது நாயனம் என்று தனித்தனியாகத் தெரிய வேண்டும். கிறீச்சென்று காதைக் குத்தக் கூடாது. அது மோனோ பதிவு. ஆகவே சத்தம் தலைக்கு நட்டநடுவில் நிற்க வேண்டும். ஒரு பக்கம் சாய்ந்தால் அந்த ஹெட்ஃபோனைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அப்புறம் ஸ்டீரியோவில் பதிவான 'ப்ரியா' (1978) பாட்டு. அதில் இடமும் வலமும் பிரிந்து கேட்க வேண்டும்.

"பெரியப்பா, குறைச்சலா வச்சாலும் நல்லாத்தான இருக்கு!" என்றான் தம்பி மகன். நான் சொல்லியிருந்தால் நம்பியிருப்பானா?

காதுக்குள் சொருகும் வகைதான் கட்டுப்படியாகும் என்பவர்களுக்கு ஒன்று. பெட்டியில் மூன்று அளவு ரப்பர் போட்டிருப்பான். பலர் அதைத் தொடுவதே இல்லை. உங்கள் துளைக்குப் பொருந்துவதை மாட்டுங்கள். பொருந்தாவிட்டால் வெளிச்சத்தம் உள்ளே வரும், உங்கள் விரல் தானாக வால்யூமுக்குப் போகும். எங்கள் கடற்கரை வேர்வையில் காதில் பூஞ்சை வருவது சகஜம். ஆகவே ரப்பரைக் கழற்றித் துடையுங்கள், ஒருத்தர் மாட்டியதை இன்னொருத்தர் மாட்ட வேண்டாம். சீழ் வடியும் காதில் எதையுமே சொருகக் கூடாது. மாட்டிக்கொண்டே தூங்குவதும் வேண்டாம்.

கடைசியில் 1,200 ரூபாய்க்கு ஒன்று முடிந்தது. கடைப் பையனிடம் பில் கேட்டு வாங்கினோம். பெயர்பெற்ற கம்பெனிகளின் பெயரிலேயே போலிகள் உலவுகின்றன. வீட்டுக்கு வந்து பார்த்தால் ஒயர் கட்டிலுக்கு எட்டவில்லை. பயல் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டான். நான் வாசலில் இருந்து "டீ குடிக்கியாடா?" என்றேன், சாதாரணக் குரலில்தான். "குடிக்கேன் பெரியப்பா" என்றான்.