ஆம்னி இஞ்சின் வேண்டாம், அண்ணாச்சி

நெல்லைப் பக்கம் பழைய ஸ்டாண்டர்டு ஹெரால்டு வைத்திருப்பவர் யாராக இருந்தாலும் இந்த யோசனையைக் கேட்டிருப்பார்: “இந்தக் கட்டைய இறக்கிப் போட்டுட்டு ஒரு ஆம்னி இஞ்சினை ஏத்திருவோம் அண்ணாச்சி. பிக்கப் பிச்சிக்கிட்டுப் போவும்.” மெக்கானிக் சொல்வார், வண்டி வாங்கி விற்பவர் சொல்வார், டீக்கடையில் பக்கத்தில் நிற்பவரும் சொல்வார். காரணங்களும் தயாராக இருக்கும். அறுபது வருஷத்து என்ஜின் இன்றைய ரோட்டுக்கு ஆகாது, சாமான் கிடைக்காது, இப்போதைய பெட்ரோல் அதைத் தின்றுவிடும். பழையதுதான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தால் அடுத்த யோசனை வரும்: போரைப் பெரிசாக்கு, இரட்டை கார்புரேட்டர் போடு. இவற்றில் ஒன்றிரண்டு பாதி உண்மை. மீதி எல்லாம் கணக்குப் போட்டுப் பார்க்காமல் சொல்வது.

முதலில் அந்த ஆம்னி கணக்கு. 1961-லிருந்து பத்தாண்டு காலம் சென்னைக்குத் தெற்கே வண்டலூர்ப் பக்கம் தயாரான ஹெரால்டில் இருப்பது 948 சிசி என்ஜின். சுமார் 35 குதிரைத்திறன். கார்புரேட்டர் காலத்து மாருதி ஆம்னியில் இருப்பது 796 சிசி. அதுவும் கிட்டத்தட்ட அதே 35 குதிரைத்திறன்தான். இதற்காக என்ஜின் மவுண்டிங்கை வெட்டி வெல்டு வைத்து, புரொப்பல்லர் ஷாஃப்டை அளவு மாற்றி, கிளட்ச் இணைப்பைப் புதிதாகச் செய்து, ரேடியேட்டர் பைப்புக்கு அலைந்து திரிய வேண்டும். மாற்றியபின் வண்டி நன்றாக ஓடுகிறதே என்பார்கள். ஓடத்தான் செய்யும். தேய்ந்துபோன என்ஜினை எடுத்துவிட்டு நல்ல நிலையில் இருக்கும் ஒன்றை வைத்தால் எதுவும் ஓடும். ஒப்பிடுவதென்றால் ஒழுங்காகக் கட்டிய ஹெரால்டு என்ஜினோடு ஒப்பிட வேண்டும்.

என்ஜினை மாற்றினால் ஆர்.டி.ஓ. ஒப்புதல் பெற்று ஆர்.சி.யில் ஏற்ற வேண்டும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். 2021-ல் மத்திய அரசு கொண்டுவந்த விண்டேஜ் வாகன விதியின்படி, 50 வயது தாண்டிய கார் அசல் வடிவில் இருந்தால்தான் அந்தப் பதிவு கிடைக்கும். இன்று எல்லா ஹெரால்டும் அந்த வயதைத் தாண்டிவிட்டது. சேஸிஸ், பாடி, என்ஜின் மூன்றில் எதில் கை வைத்து மாற்றினாலும் வாய்ப்புப் போயிற்று.

அடுத்தது போர். அசல் போர் 63 மி.மீ., ஸ்ட்ரோக் 76 மி.மீ. போரை ஒரு மி.மீ. பெரிதாக்கினால் 948 சிசி 978 ஆகிறது. முப்பது சிசி, அரை டம்ளர் காபிகூட இல்லை. சிலிண்டர் தேய்ந்திருந்தால் ரீபோர் செய்துதான் ஆக வேண்டும், அதில் தகராறு இல்லை. ஆனால் நன்றாக இருக்கும் சிலிண்டரைப் பவருக்காகக் கடைவது, அடுத்த தலைமுறை செய்ய வேண்டிய ரீபோரை இன்றே செலவழிப்பது.

இரட்டை கார்புரேட்டர் ஆசைக்கு இங்கிலாந்திலேயே பதில் இருக்கிறது. அங்கே இதே 948 சிசி என்ஜினை ட்ரையம்ஃப் ஹெரால்டு கூப்பேயில் இரட்டை கார்புரேட்டரோடு விற்றார்கள். குதிரைத்திறன் 45-ஐத் தொட்டது. முறுக்குவிசையோ சொல்லும்படி ஏறவில்லை. அதன் உச்சம் மட்டும் 2,750 சுற்றிலிருந்து 4,000-க்கு மேலே போய்விட்டது. ஜங்ஷன் ஈரடுக்கு மேம்பாலத்தில் டவுன் பஸ்ஸுக்குப் பின்னால் இரண்டாம் கியரில் ஊர்கிறவனுக்கு 4,000 சுற்றில் கிடைக்கும் இழுவை எதற்கு? பாபநாசத்திலிருந்து காரையாறு ஏறுகிறவனுக்கும் அடிமட்டச் சுற்றில்தான் இழுவை வேண்டும். இறங்கும்போது நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக் என்பது நினைவிருக்கட்டும். வேகம் கூட்டுவதற்கு முன் அதை நிறுத்தும் வழியைப் பார்க்க வேண்டும்.

அப்படியானால் பிக்கப் எங்கிருந்து வரும்? பெரும்பாலும் தொலைந்த இடத்திலிருந்தே. டிஸ்ட்ரிபியூட்டர் ஷாஃப்டின் புஷ் தேய்ந்து ஆடினால் பாயிண்ட் இடைவெளி ஒவ்வொரு சுற்றுக்கும் மாறும். எத்தனை முறை டைமிங் வைத்தாலும் நிற்காது. வேக்குவம் அட்வான்ஸின் டயஃப்ரம் கிழிந்து பத்து வருஷம் ஆகியிருக்கும், யாரும் வாய் வைத்து உறிஞ்சிப் பார்த்திருக்க மாட்டார்கள். கனெக்டிங் ராடும் பிஸ்டனும் நான்கும் ஒரே எடையில் இருக்க வேண்டும். நகைக்கடைத் தராசில் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் தெரிந்துவிடும். கனமானதை ஓரத்தில் தேய்த்து மற்றதோடு சமப்படுத்தினால் அதிர்வு குறையும்.

ஹெட்டைச் சீவும் விஷயத்தில் நம் ஊர்க்காரர்கள் சொல்வது தவறில்லை, அளவுதான் தவறு. கம்ப்ரஷன் விகிதம் 8 என்று வைத்துக்கொண்டால், பிஸ்டன் உச்சிக்கு வந்தபின் மேலே மிஞ்சும் இடம் சிலிண்டருக்கு ஏறக்குறைய 34 சிசி. அதை 8.5 ஆக்க இரண்டேகால் சிசி குறைத்தால் போதும். “ஒரு பாஸ் அடிச்சிருவோம்” என்று லேத்தில் விட்டுவிடும் வேலையல்ல இது. ஹெட்டைக் கவிழ்த்து வைத்து, துளையிட்ட பிளாஸ்டிக் தகட்டால் மூடி, ஊசி சிரிஞ்சால் மண்ணெண்ணெய் விட்டு நான்கு அறையையும் அளந்த பிறகே சீவ வேண்டும். நான்கும் ஒரே அளவில் இருப்பது, விகிதம் ஏறுவதைவிட முக்கியம்.

இந்த என்ஜினுக்கென்று ஒரு தனி வியாதி உண்டு, அதைக் கேட்காமல் கட்டிய என்ஜின்கள்தான் கெட்ட பெயர் வாங்கித் தந்தவை. கிராங்க் முன்னும் பின்னும் நகராமல் பிடிப்பவை பின்பக்க மெயின் பேரிங்கில் இருக்கும் அரைவட்டத் த்ரஸ்ட் வாஷர்கள். கிளட்சை மிதிக்கும் ஒவ்வொரு முறையும் சுமை அவற்றின் மேல் விழுகிறது. சிக்னலில் கியரில் போட்டு கிளட்சை மிதித்தபடியே நிற்கும் நம் வழக்கம் அவற்றைத் தின்கிறது. ஒருவரை உள்ளே உட்கார்ந்து கிளட்சை மிதிக்கச் சொல்லி, முன்னால் கிராங்க் புல்லியைப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியும்படி நகர்ந்தால் வேலை வந்துவிட்டது என்று அர்த்தம். நகர்வு 0.1-லிருந்து 0.2 மி.மீ.க்குள் இருக்க வேண்டும். வாஷர் கழன்று எண்ணெய்த் தொட்டியில் விழுந்தபின் ஓட்டினால் கிராங்கும் பிளாக்கும் உராய்ந்து, பிளாக்கே வீணாகும்.

சித்திரை வெயிலில் ஹெரால்டு கொதிக்கிறது என்பதும் என்ஜினின் குற்றமல்ல. பிளாக்கின் கோர் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். கடைசி சிலிண்டரைச் சுற்றி துருவும் சேறும் கட்டியாக உறைந்திருக்கும். கம்பியால் கிளறி எடுக்காமல் புது ரேடியேட்டர் வாங்குவது வீண்.

பெட்ரோல் பற்றிய பயத்தில் பாதி நியாயம். ஈயம் கலந்த பெட்ரோல் 2000-ல் நின்றது; அதன்பின் எக்ஸாஸ்ட் வால்வு உட்காரும் இடம் விரைவில் தேயும். கடினப்படுத்திய சீட் பதித்தால் அந்தப் பேச்சு முடிந்தது. 20 சதவீத எத்தனால் பழைய ரப்பர் ஹோஸையும் பம்ப் டயஃப்ரத்தையும் கெடுக்கும், கலவையும் மெலியும். எத்தனால் தாங்கும் ஹோஸ், ஏழெட்டு சதவீதம் கூடுதல் பெட்ரோல் விடும் மெயின் ஜெட், இரண்டும் போதும். ஆக்டேன் எண் முன்பிருந்ததைவிட ஏறியிருப்பது நமக்கு லாபமே, 8.5 விகிதத்துக்கு அது தாராளம்.

சாமான் கஷ்டம் உண்மை. 948-க்கான பிஸ்டன் கேட்டவுடன் கிடைக்காது. ஆனால் இதே குடும்பத்து என்ஜின் ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயரில் 1980 வரை வந்தது, இங்கிலாந்தில் இன்றும் அதற்கு உதிரி விற்கும் கடைகள் உண்டு. வேலை தெரிந்த ஆள் இல்லை என்பதை மட்டும் ஏற்க முடியாது. பஸ்ஸும் லாரியும் டீசல் பம்ப்செட்டும் ஓடிய இந்த ஆற்றங்கரை மாவட்டத்தில் போரிங், கிராங்க் கிரைண்டிங் செய்யும் கைகளுக்கு எப்போதும் பஞ்சமில்லை. அவர்களுக்கு அளவை எழுதிக் கொடுக்க வேண்டியது வண்டிக்காரர்.

ஆகவே ஆம்னி என்ஜினுக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன் ஒன்று செய்யுங்கள். என்ஜின் சூடாக இருக்கும்போது நான்கு சிலிண்டருக்கும் கம்ப்ரஷன் பார்க்கச் சொல்லி, எண்களைத் தாளில் எழுதி வாங்குங்கள். குறைவாகக் காட்டும் சிலிண்டரில் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி பார்க்கச் சொல்லுங்கள். எண் ஏறினால் ரிங் தேய்ந்திருக்கிறது, ஏறாவிட்டால் வால்வு அல்லது கேஸ்கெட். அந்தத் தாளைக் காட்டாத மெக்கானிக்கிடம் என்ஜினை இறக்க விடாதீர்கள்.