ஓடம் ஏறும் வண்டி

ஓடமும் ஒரு நாள் வண்டியில் ஏறும், வண்டியும் ஒரு நாள் ஓடத்தில் ஏறும் என்பது நம் நாட்டுப் பழமொழி. வாழ்வும் தாழ்வும் மாறி மாறி வரும் என்பதற்கே பெரியோர் இதனை எடுத்துரைப்பர். ஆயினும் ஏரிகளில் மீன் வளர்க்கும் விவசாயிகளுக்கு இப்பழமொழியின் நேரான பொருளே பெரிதும் பயன்படுவதாகும். ஓடம் எவ்வாறு கட்டுவது என்று விசாரிப்போர் பலர். அந்த ஓடம் எந்த வண்டியில் ஏறும் என்று முன்கூட்டி யோசிப்போர் மிகச் சிலர்.

தமிழ்நாட்டில் சுமார் 39,000 ஏரிகளும் கண்மாய்களும் உள்ளன. இவற்றுள் பெரும்பாலானவை வடகிழக்குப் பருவமழையில் நிரம்பிக் கோடையில் வற்றுவன. கட்லா, ரோகு, மிர்கால் குஞ்சுகளை விட்டு வளர்ப்போர் ஒரே ஏரியோடு நின்றுவிடுவதில்லை. அண்டையிலுள்ள இரண்டு மூன்று நீர்நிலைகளையும் சேர்த்துக் குத்தகைக்கு எடுப்பதுண்டு. வலை கட்டவும், பாசியும் ஆகாயத்தாமரையும் அகற்றவும், இரவில் காவல் இருக்கவும் ஒரு சிறு படகு வேண்டியிருக்கிறது. ஏரிக்கு ஒரு படகு வைப்பது வீண் செலவு. ஒரே படகு ஏரிக்கு ஏரி செல்லுமானால் அதுவே சிக்கனம்.

இத்தகைய படகை ஊர்த் தச்சரைக் கொண்டே கட்டிவிடலாம். கன்னியாகுமரிக் கடற்கரையில் 1980களிலேயே மரைன் பிளைவுட் படகுகள் கட்டப்பட்டுப் பழக்கத்துக்கு வந்தன. ஏரிக்கு ஏற்ற தட்டையடிப் படகு 12 அடி நீளமும் 4 அடி அகலமும் இருந்தால் போதும். ஐ.எஸ். 710 முத்திரையுள்ள 6 மில்லிமீட்டர் பலகையில், எட்டுக்கு நான்கு அடித் தகடு ஒன்று சுமார் 12 கிலோ நிறையுள்ளது. நான்கு தகடுகளும், சட்டங்களும், பிசினும் சேர்ந்து 60 கிலோவுக்குள் படகு முடிந்துவிடும். ஒரு மூட்டை நெல்லின் எடைக்குச் சற்றே ஏறக்குறைய என்று கொள்ளலாம்.

இவ்வளவு இலேசான படகுக்குத் தனி வண்டி எதற்கு, வீட்டில் டிராக்டர் டிரெய்லர் இருக்கிறதே என்பது பொதுவான எண்ணம். இவ்வெண்ணமே படகுக்கு யமனாகிறது. நெல் மூட்டைகளோடு சாதுவாகச் செல்லும் டிரெய்லர், சுமையை இறக்கித் திரும்புகையில் குதித்துக் குதித்து ஓடுவதைக் காணாத விவசாயி இல்லை. பல டன் பாரத்துக்கென்று செய்யப்பட்ட அச்சும் டயரும் 60 கிலோவை ஒரு பாரமாகவே உணர்வதில்லை. பாதையின் ஒவ்வொரு பள்ளமும் அப்படியே மெல்லிய அடிப்பலகையில் இடிக்கிறது. பலகை பிளப்பது முதல் நாளில் கண்ணுக்குத் தெரியாது. மூலைகளின் ஒட்டு விட்டு, நீர் கசிந்து, பலகையின் அடுக்குகள் உப்பிப் பிரிந்த பின்னரே தெரியவரும். தண்ணீரில் பத்து வருஷம் உழைக்கக்கூடிய படகு தரையில் இவ்வாறு அழிவது பரிதாபமாகும்.

ஆகவே வண்டியைப் படகின் எடைக்குத் தக்கவாறு தேர்ந்தெடுக்க வேண்டும்; இழுக்கும் யந்திரத்தின் பலத்துக்குத் தக்கவாறு அன்று. படகும், துடுப்பும், வலையும், ஐஸ் பெட்டியும் சேர்ந்து 100 கிலோ என்று வைத்துக்கொண்டால், வண்டியும் அதற்கு மேல் நிறையலாகாது. பழைய ஆட்டோ ரிக்ஷாவின் இரு சக்கரங்களும், பட்டறையில் ஒட்டிய இரும்புக் குழாய்ச் சட்டமும் இதற்குத் தாராளமாகப் போதும். கம்பிச் சக்கரத்தைக் காட்டிலும் தகட்டுச் சக்கரம் பக்கவாட்டு உதைப்பைத் தாங்கும். டயர் அகலமாக இருந்தால் ஏரிச் சேற்றில் அமிழாது. காற்றைச் சிறிது குறைத்து வைத்தால் டயரே வில்லின் வேலையைச் செய்யும். சாலையில் நெடுந்தூரம் செல்ல வேண்டுவோர் வில் வைக்கலாம். ஆனால் அது கையால் அழுத்தினால் அமரக்கூடியதாக இருத்தல் வேண்டும். பாரவண்டியின் வில்லை வாங்கி வைப்போர், தேவைக்கு மேற்பட்ட பட்டைகளைக் கழற்றிவிடுவது நலம்.

படகை ஏற்றும் முறையில் மாட்டு வண்டிக்காரரின் அனுபவமே சிறந்த பாடம். பின்பாரம் மிகுந்தால் நுகத்தடி எழும்பி மாட்டின் கழுத்தை இறுக்கும்; முன்பாரம் மிகுந்தால் கழுத்தை அமுக்கும். மோட்டார் இழுக்கும் வண்டியிலும் நியாயம் இதுவே. பின்பாரமான வண்டி வேகத்தில் வாலை ஆட்டிச் சாலையைவிட்டு இறங்கும். மொத்த எடையில் பத்தில் ஒரு பங்கு முன்னால் நிற்குமாறு அச்சின் இடத்தை அமைத்தால் தொல்லையில்லை. படகு தாங்கும் இடங்கள் அதன் குறுக்குச் சட்டங்களுக்கும் பின்பலகைக்கும் நேர் கீழே இருக்க வேண்டும். நடுப்பலகையில் ஒருபோதும் ஆகாது. தாங்குகட்டைகளின் மேல் பழைய டியூபைச் சுற்றிவிட்டால் உராய்வு குறையும். கட்டும் கயிறு இறுகியிருக்கலாம். ஆனால் பலகை வளையும்படி இறுக்கலாகாது.

இன்னும் இரண்டு விஷயங்களில் அஜாக்கிரதை கூடாது. ஓடிவந்த சூட்டோடு சக்கரத்தைத் தண்ணீரில் இறக்கினால், குடத்தினுள் நீர் உறிஞ்சப்பட்டுப் பேரிங் துருப்பிடிக்கும். சற்று ஆறவிட்டு இறக்குவதும், பின்னர் கிரீஸ் இடுவதும் அவசியம். மற்றொன்று மழை. வண்டிமேல் நிமிர்த்தி வைத்த படகில் நாலு விரற்கடை நீர் தேங்கினால் அதன் எடை 200 கிலோவுக்கு மேலாகும். படகின் சொந்த எடையைப்போல் மூன்று மடங்குக்கு மேல் என்பதை நினைவில் வைக்க வேண்டும். வடிதுளையின் அடைப்பானைக் கழற்றி வைப்பதோ, படகைக் கவிழ்த்து நிழலில் வைப்பதோ உத்தமம்.

நான்கு ஆட்கள் தூக்கினால் ஆளுக்குப் பதினைந்து கிலோதானே என்பர் சிலர். வீட்டிலிருந்து கரைவரை அது சரியே. நாற்று நடவுக் காலத்தில் விடியற்காலை நான்கு ஆட்களை ஒன்று சேர்ப்பது எளிதா என்பதை அவர்களே யோசிக்கலாம். பரிசல் போதாதா என்று கேட்போரும் உண்டு. காவிரிக் கரையில் ஒருவரே தலையில் கவிழ்த்துச் சுமந்து செல்லும் பரிசலுக்கு வண்டியே வேண்டியதில்லை. அது பழகிய ஊர்களில் அதனை விடுவதற்குக் காரணமும் இல்லை. இழுவலையையும் தீவன மூட்டையையும் ஏற்றிக்கொண்டு நேராகச் செல்ல வேண்டிய இடத்திலேதான் தட்டையடிப் படகு தேவைப்படுகிறது.

சட்டத்தையும் மறத்தலாகாது. 1988ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தில், மோட்டார் வாகனம் என்னும் சொல்லில் டிரெய்லரும் அடங்கும். ஆதலால் டிராக்டரோ ஜீப்போ இழுப்பதற்கென்று வண்டி செய்விப்போர், பட்டறைக்குப் பணம் கொடுப்பதற்கு முன்னர் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் பதிவு விஷயமாக விசாரித்துக்கொள்ள வேண்டும். கையாலோ மாட்டாலோ இழுப்பதற்கு அத்தொல்லை இல்லை. ஏரிக்கரைமேல் செல்வதற்கும் அதுவே பொருத்தமானது.

கிராம அதிகாரிகள் இதில் சிரத்தை கொள்வதற்குத் தனிக் காரணம் உண்டு. 2018 ஆகஸ்டில் கேரளத்தை வெள்ளம் சூழ்ந்தபொழுது, கடற்கரை மீனவர்கள் தங்கள் படகுகளை லாரிகளில் ஏற்றி உள்நாட்டுக்குக் கொண்டுசென்று பல்லாயிரம் உயிர்களைக் காத்தனர். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தூத்துக்குடி, திருநெல்வேலி ஜில்லாக்களில் பெருமழை பெய்து கிராமங்கள் துண்டிக்கப்பட்டபொழுதும் படகுகளே வழியாயின. அத்தருணங்களில் படகு எங்கே இருக்கிறது என்பது மட்டும் கேள்வியன்று. அது வெள்ளத்தின் ஓரம்வரை எவ்வாறு வந்து சேரும் என்பதே பெரிய கேள்வி. சிறிய படகில் மூவருக்கு மேல் ஏற்றுவதும், உடைப்பெடுத்து ஓடும் நீரில் விடுவதும் ஆபத்து. ஆனால் தேங்கிய நீரில் தனித்து நிற்கும் வீட்டிலிருந்து ஒரு கிழவியையும் குழந்தையையும் கொண்டுவர அது போதும்.

எனவே படகுள்ள ஒவ்வொரு கிராமத்திலும் ஐப்பசி பிறக்குமுன் மூன்று காரியங்கள் முடிந்திருக்க வேண்டும். டயரில் காற்றும் குடத்தில் கிரீஸும் உள்ளனவா என்று பார்த்தல். படகை ஒருமுறை ஏற்றி இறக்கிக் கயிறுகளைச் சோதித்தல். வண்டி நிற்கும் இடத்தையும் சாவி இருக்கும் வீட்டையும் கிராம நிர்வாக அலுவலரும் பஞ்சாயத்துத் தலைவரும் அறிந்திருத்தல். மீன் வளர்ப்போர் பலர் சேர்ந்து செலவைப் பகிர்ந்துகொண்டால் ஒருவருக்கும் பாரமாகாது.

படகு கட்ட எண்ணுவோர் பலகை வாங்கும் நாளிலேயே சக்கரத்துக்கும் விலை பேசிவிடுவது விவேகமாகும்.