அடர்ந்த நிறம் ஒளியை மறைக்குமா?

நீர்வண்ணத்தின் உயிரே ஒளி ஊடுருவுவதுதான். எமில் நோல்டே போன்ற எக்ஸ்பிரஷனிஸ்டுகள் நிறத்தைக் கொட்டி அந்த உயிரைப் போக்கிவிட்டார்கள். அவர்களுடைய நிலக்காட்சிகள் தைல ஓவியத்தின் மலிவுப் பதிப்பு. அடர்ந்த நிறத்தைக் குறைசொல்பவர்களின் வாதம் இதுதான். அவர்களுக்கு என் பதில்:

1. வெளிறிய நிறமெல்லாம் ஒளி ஊடுருவும் நிறம் என்று யார் சொன்னது? காய்ந்த இந்தியன் இங்க் கோட்டின் மேல் அலிசரின் சிவப்பை அடர்த்தியாகத் தீட்டுங்கள். கோடு கறுப்பாகவே நிற்கும். சீன வெள்ளை கலந்த இளநீலத்தைத் தீட்டுங்கள். கோட்டின் மேல் பாலாடை படியும். எது மறைத்தது? வெளிறியதுதான்.

2. தாளைப் பார்த்தீர்களா? நோல்டே தீட்டியது நீரை உறிஞ்சும் ஜப்பானியத் தாளில், பெரும்பாலும் ஈரத்தோடு. நிறம் அங்கே மேலே உட்காருவதில்லை. இழைக்குள் இறங்குகிறது, சில படங்களில் பின்பக்கம்வரை. வடஜெர்மனிச் சதுப்புவெளியின் ஆரஞ்சு வானமும் கருநீல மேகமும் சந்திக்கும் இடத்தில் கோடு கிடையாது, கசிவுதான். தைலத்தில் இது எப்படி நடக்கும்?

3. 1502இல் ட்யூரர் தீட்டிய முயலில் ஒளிபுகா வண்ணம் இருக்கிறது. நீலத் தாளில் டர்னர் தீட்டியவற்றிலும் இருக்கிறது. அவர்களை மட்டும் ஏன் விட்டுவிட்டீர்கள்?

நோல்டேயின் நாஜி ஆதரவுக்காகத் திட்டுங்கள், நானும் சேர்ந்துகொள்கிறேன். நிறத்துக்காகத் திட்டுவதானால் அச்சுப்படத்தை மூடிவைத்துவிட்டு அசலின் முன் போய் நில்லுங்கள். வடஜெர்மனியின் ஸீபுல்லில் அவர் வாழ்ந்த வீடு 1957 முதல் அருங்காட்சியகமாக இருக்கிறது.